கத்தரிச் செடியில் வெள்ளை

ஏழாவது மண் பைக்கு வரும்போதே திலகவதிக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. இன்னும் ஐந்து பை கிடக்கிறது. பைக்கு ஒரு கத்தரிச் செடி, செடிக்கு ஐம்பது இலை, ஒவ்வொரு இலையையும் குழந்தையின் காதை மடக்கிப் பார்ப்பது போல மடக்கி அடிப்பக்கம் பார்க்க வேண்டும். பார்த்தால் நரம்போரம் வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாவுப்பூச்சி. மக்கில் வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும். பஞ்சை நனை, துடை, மறுபடி நனை. துடைத்து முடித்துக் கீழே போய்ப் படுத்து எழுந்து வந்தால் நாளைக் காலையில் அதே இலையில் அதே வெள்ளை, இவள் ஒன்றுமே செய்யாத மாதிரி. யாரை ஏமாற்ற இந்த வேலை என்று அவளுக்கே தெரியவில்லை. மொட்டை மாடியில் இருக்கிறவரைக்கும் கீழே இருக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். கீழே போனால் கட்டில், கட்டிலில் அவள் வீட்டுக்காரர், வாயை இறுக்க மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டு. பத்து மணிக்கு நர்ஸ் வருவாள். மூக்கு வழியாக வயிற்றுக்கு டியூப் போட்டுவிட்டுப் போவாள். அப்புறம் சோறு கிடையாது, குழம்பு கிடையாது, கரைத்த மாவை டியூபில் நாலு மணி நேரத்துக்கொரு தரம் ஊற்றுவதுதான். டாக்டர் போன வாரமே சொல்லிவிட்டார், புதன்கிழமை வரைக்கும் பாருங்கம்மா, வாய் வழியாச் சாப்பிட ஆரம்பிச்சாச் சரி, இல்லீன்னா வேற வழியில்லைன்னு. இன்றைக்குப் புதன்கிழமை. மணி ஆறே முக்கால்.

சோறு என்றால் உயிரை விடுகிற மனுஷன் குழந்தைவேலு. பஞ்சாலையில் ஃபிட்டர் வேலை பார்த்த காலத்தில் நாலடுக்கு டிபன் கேரியரைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போவார், வரும்போது நாலும் காலி. குழம்பில் உப்பு ஒரு கல் குறைந்தால் திட்ட மாட்டார், தட்டைத் தள்ள மாட்டார். பேசாமல் எழுந்து அடுக்களைக்குப் போய் உப்பு ஜாடியையே தூக்கி வந்து பக்கத்தில் வைத்துக்கொள்வார். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அவள் அப்போதெல்லாம் முகத்தை வெட்டிக்கொண்டு போயிருக்கிறாள், இப்போது அந்த ஜாடியைக் கேட்டால்கூடத் தேவலை என்றிருக்கிறது. பதினோரு மாசத்துக்கு முன்னால் பல் விளக்கப் போனவர் வாஷ்பேசின் ஓரத்திலேயே சரிந்தார். வலது பக்கம் போயிற்று. பேச்சு போயிற்று, 'ம்', 'இல்ல', 'போ' என்று மூன்று நாலு சொல் மட்டும் மிச்சம். பிரஷர் ஏறக் கூடாது, கிட்னி வேறு பழுது, உப்பைக் கண்ணிலேயே காட்டாதீங்க என்றார்கள். காட்டவில்லை. பதினோரு மாசம் இந்த வீட்டில் அவளும் உப்பில்லாமல்தான் தின்றாள், வேறே சமைத்துத் தின்ன வாய் வரவில்லை. நாக்கு மரத்துப்போன மாதிரி ஆகிவிட்டது. அதெல்லாம் யாருக்குத் தெரியும். மகன் பூனாவிலிருந்து போன் பண்ணி, டியூப் போட்டுக்கலாம்மா, இப்ப எல்லாரும் போடறாங்க, உனக்கும் சுலபம் என்கிறான். சுலபமாம்.

எட்டாவது பை. இதில் காய் இரண்டு இருக்கிறது, ஒன்றில் காம்போரம் ஊசி குத்தின மாதிரி ஓட்டை, உள்ளே புழு இருக்கும், அறுக்காமலே தெரியும். முப்பத்தொரு வருஷம் சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்தவளுக்குப் புழுவைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். துவரம் பருப்பில் வண்டு, அரிசியில் கூட்டுப்புழு, கீரைக்கட்டுக்குள் பச்சைப்புழு. மூட்டை பிரிக்கும்போதே வாசனையில் பிடித்துவிடுவாள். ஹெட்மாஸ்டர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார், திலகவதியம்மா கண்ணுக்கு ஒரு பூச்சி தப்பாதுங்க என்று. அது ஒரு பெருமை. அந்தக் கண்தான் ஜெசிந்தாவையும் பிடித்தது. சனிக்கிழமை, அதற்கு முந்தின சனிக்கிழமை, ஆமாம், பதினோரு நாளாயிற்று. தண்ணீர் விட மாடிக்கு வந்தவள், டேங்க் காலி, மோட்டார் போடலாமென்று பாதியிலேயே இறங்கினாள். படியில் செருப்பில்லை, சத்தமில்லை. அறை வாசலில் நின்று பார்க்கிறாள்: வீட்டோடு இருந்து அவரைப் பார்த்துக்கொள்ள வைத்த பெண், வால்பாறை எஸ்டேட்டுப் பெண், இருபத்துநாலு வயசுகூட இருக்காது, மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுக்கிறாள், பிரிக்கிறாள், இரண்டு விரலால் வெள்ளையாக எதையோ கிள்ளிச் சோற்றின் மேல் தூவுகிறாள். தூவிவிட்டு உதட்டில் விரலை வைத்து, அம்மாகிட்டச் சொல்லிராதீங்க தாத்தா என்கிறாள். அவர் சிரிக்கிறார். பாதி முகத்தால்தான், ஆனாலும் சிரிப்பு. ஆவென்று வாயைத் திறக்கிறார்.

அந்தச் சிரிப்புத்தான். உப்பைவிட அந்தச் சிரிப்புத்தான் அவளுக்குச் சுருக்கென்றது, இப்போது தனியாக நிற்கும்போது ஒத்துக்கொண்டால் என்ன. தனக்கு ஒரு நாளும் அப்படி வாயைத் திறந்ததில்லை, அவள் ஊட்டினால் கணக்காக நாலு வாய், ஐந்தாவதுக்குச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். பொட்டலத்தைப் பிடுங்கினாள். என்னடி இது, உப்பா என்றாள். அந்தப் பெண் அவரைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள். ஆமாங்கம்மா என்றாள். தலை குனியவில்லை, அதுவும் எரிச்சல். மனுஷனைக் கொல்லப் பாக்கறியா, இந்த நிமிஷமே பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பு. கிளம்பினாள். வாசல் கேட்டருகே நின்று, அம்மா, ஒரு நிமிஷம் வெளிய வாங்கம்மா, உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்லணும் என்றாள். என்ன சொல்லப் போகிறாள், மன்னிப்புக் கேட்பாள், அழுவாள், கேட்டுக்கொண்டு நிற்க இவளுக்குத் தெம்பில்லை. கேட்டைச் சாத்தினாள். அன்று ராத்திரி அவர் சோற்றைத் துப்பினார். மறுநாள் வாயையே திறக்கவில்லை. பதினோரு நாளாகக் கஞ்சித் தண்ணியும் பாலும்தான் ஒரு டம்ளர் அரை டம்ளர் இறங்குகிறது. தோள் எலும்பு பனியனுக்குள் துருத்திக்கொண்டு நிற்கிறது. பொட்டலம் திலகவதியிடமே இருக்கிறது, இடுப்புச் சுருக்குப்பையில் செல்போனோடு சேர்த்து, இன்றைக்கு நர்ஸ் வந்தால் காட்ட, டாக்டருக்குக் காட்ட, மகன் வந்தால் அவனுக்கும் காட்ட. நான் பட்டினி போடவில்லை, இதோ இதைப் போட்டு நாக்கைக் கெடுத்துவிட்டுப் போனாள், அதுதான் இப்படி ஆச்சு என்று சொல்ல. எத்தனை தரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாயிற்று. சொல்லும்போதெல்லாம் ஒரே இடத்தில் இடறுகிறது: மாசக் கடைசியில் டாக்டர் பிரஷர் பார்த்தாரே, ரொம்ப நல்லா இறங்கியிருக்கும்மா, அப்படியே கொண்டுபோங்க என்றாரே. மூன்று வேளையும் உப்புத் தின்ற ஆளுக்கு எப்படி இறங்கும். மாத்திரையால் இருக்கும். மாத்திரைதான். அடுத்த இலை.

இதில் பெரிசு ஒன்று இருந்தது. மற்றதெல்லாம் அரிசி நொய் அளவு, இது இரண்டு பங்கு, மேலெல்லாம் பஞ்சு பஞ்சாக வெள்ளை மயிர், கை பட்டதும் மற்றவை மாதிரி மக்குத்தனமாக உட்கார்ந்திருக்காமல் குடுகுடுவென்று ஓடும். நாலு நாளாகத்தான் இந்தப் பெரிசுகள் தென்படுகின்றன. இதுதான் தாய், இதுதான் இத்தனைக்கும் மூலம் என்று கண்டுபிடித்ததில் அவளுக்குச் செத்த நேரம் ஒரு தெம்பு வந்திருந்தது. பஞ்செல்லாம் இதற்குப் போதாது, நகத்தாலேயே நசுக்கிவிடுவாள். நேற்று முப்பத்தேழு. நசுக்கக் கையைக் கொண்டுபோன நேரம் பக்கத்து மாடியில் வாளி வைக்கிற சத்தம் கேட்டது. ஹசீனா, துணி காயப்போட வந்திருக்கிறாள். இரண்டு வீட்டுக் கைப்பிடிச் சுவரும் ஒட்டினாற்போல, அவளும் மாடியில் தொட்டி வைத்திருக்கிறாள். என்னக்கா, காலங்காத்தால ஆரம்பிச்சிட்டீங்க, அண்ணன் எப்படி இருக்காரு என்றாள். அப்படியேதான் இருக்காரு, இன்னைக்கு டியூப் போடறாங்க என்றாள் திலகவதி. ஹசீனா ஈரச் சட்டையை உதறாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு செடியைப் பார்த்தாள். பார்த்தவள், அக்கா, அக்கா, அதை விடுங்க, அதை நசுக்காதீங்க என்றாள். ஏன், இதுதானே தாய்ப்பூச்சி என்றாள் இவள். தாயும் இல்ல பிள்ளையும் இல்லக்கா, அது பொறிவண்டோட குட்டி. மாவுப்பூச்சியத் திங்கறது அதுதான். எங்க தொட்டியிலயும் இந்தச் சனியன் வந்துச்சுன்னு போன வாரம் வேளாண் கல்லூரியில இருந்து வாங்கிட்டு வந்து விட்டேன், உங்க பக்கமும் ஏறி வந்திருக்கு. பாக்க அச்சா அதே மாதிரிதான் இருக்கும், அதுங்க கூட்டத்துக்குள்ளயே போகணுமில்ல. நானும் தெரியாம மொதல் நாள் பத்துப் பதினஞ்சைக் கொன்னுட்டேன்.

சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு ஹசீனா இறங்கிப் போனாள், பிள்ளைக்கு ஸ்கூல் வேன் வரும் நேரம். திலகவதி பையோரம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முப்பத்தேழு நேற்று. அதற்கு முந்தின நாள் எண்ணவில்லை. நகக்கண்ணில் மஞ்சளாக இன்னும் இருக்கிறது. தப்பிய ஒன்று இலை நரம்பில் ஓடி ஒரு வெள்ளைக் கூட்டத்துக்குள் நுழைந்தது, நின்றது, ஆடாமல் நின்று எதையோ செய்துகொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால் தின்றுகொண்டிருந்தது. எவ்வளவு வேலை செய்திருக்கிறது பாவி, இந்தப் பக்கத்து இலையெல்லாம் காலியாய்த்தானே இருந்தது, நான் துடைத்துத்தான் காலியாயிற்று என்றல்லவா நினைத்தேன். ஒரு பூச்சி தப்பாத கண். சும்மாவா சொன்னார் ஹெட்மாஸ்டர். அவளுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, ஒரு பூச்சிக்காக அழுகிற அளவுக்கு ஆகிப்போயிற்றே என்று அதை அடக்கினாள். மணி பார்க்கச் சுருக்குப்பையில் ஈரக்கையை விட்டாள். செல்லோடு பொட்டலமும் வந்தது, ஓரம் கிழிந்து விரலில் வெள்ளையாகக் கொஞ்சம் ஒட்டியது. துடைக்கப் போனாள். போகவில்லை, விரலில் பசை மாதிரி இழுத்தது. உப்பு ஈரக்கையில் கரையுமே தவிர இப்படிப் பசையாக இழுக்காது. அதுவும் பதினோரு நாள், இடையில் நாலு நாள் மழை, வேர்வைப்பட்ட இடுப்பில் கிடந்த பொட்டலம், உப்பாயிருந்தால் கசிந்து காகிதமே ஊறிப்போயிருக்கும். முப்பத்தொரு வருஷம் ஸ்டாக் அறைச் சாவி வைத்திருந்தவளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். ஆனால் அன்றைக்கு மடித்து வைத்ததோடு சரி, அவள் பிரித்தே பார்க்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஒரு முறை இருந்தது. அண்டா இறங்கியதும் முதல் கரண்டி அமைப்பாளருக்கு. பிள்ளைகள் தட்டோடு வரிசையில் காத்திருக்கும், எத்தனை பசியென்றாலும் அவள் நின்றபடி ஒரு வாய் தின்று, கையெழுத்துப் போட்ட பிறகுதான் பரிமாற வேண்டும். உடம்பு சரியில்லாத நாளில்கூட, விரத நாளில்கூடத் தின்றாள். ருசி பார்க்காமல் ஒன்றை நல்லது என்றும் சொன்னதில்லை, கெட்டது என்றும் சொன்னதில்லை. இந்த ஒன்றைத் தவிர. விரலைச் சேலை முந்தானையில் துடைத்துவிட்டுப் பொட்டலத்தில் தொட்டு நாக்கில் வைத்தாள். முதலில் வேப்பெண்ணெய்க் கசப்பு. கசப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தாள், அடங்கியதும் உப்பு வரும். வரவில்லை. இன்னொரு விரல், நிறைய. பல்லில் நறநறத்தது, கொஞ்சம் தித்தித்தது. அரிசி மாவு. வறுத்த அரிசி மாவு. கோலத்துக்குக்கூட ஆகாத ஒரு கைப்பிடி அரிசி மாவு.

அப்படியானால் அந்தப் பெண் அவர் முன்னால் ஏன் ஆமாங்கம்மா என்றாள். அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு இறங்கினாள், அரிசியைக் குழைய வைத்தாள், புழு இல்லாத கத்தரிக்காயைச் சுட்டுத் தோலுரித்து மசித்தாள். அவர் முன்னால் மாவு என்று சொல்ல முடியுமா, சொல்லியிருந்தால் அந்த நிமிஷத்தோடு அவர் நாக்கில் இருந்த உப்பும் போயிருக்குமே. அதனால் ஆமாம் என்றாள். வெளியே வந்து கேளுங்கள் என்றாள். நான் கேட்டைச் சாத்தினேன். சாத்தின சத்தம் தெருவே கேட்டது. தட்டோடு கட்டிலோரம் உட்கார்ந்தாள். ஏனுங்க, இங்க பாருங்க. அவர் கண் மட்டும் திரும்பியது. பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினாள், அதே மாதிரி இரண்டு விரலால் கிள்ளித் தூவினாள். யாருகிட்டயும் சொல்லிராதீங்க என்றாள், குரலைத் தாழ்த்தி. கூச்சமாக இருந்தது, அறுபது வயசில் நாடகம் போடுகிற மாதிரி. அவர் பொட்டலத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். டிக்கெட் எடுக்காமல் செக்கரிடம் மாட்டிக்கொண்டவர் பார்க்கிற பார்வை. சத்தியமா, திட்ட மாட்டேன், தின்னுங்க. உதடு இன்னும் இறுகியது. இடது கை மெல்ல வந்து தட்டைத் தள்ளியது. போ என்றார்.

அப்போதுதான் திலகவதியின் மரமண்டைக்கு ஏறியது. யாருக்குத் தெரியாமல்? அவளுக்குத் தெரியாமல். அந்த மாவில் ருசி ஏது, திலகவதிக்குத் தெரியாமல் தின்கிறோம் என்கிற ருசிதான். பதினோரு மாசமாகக் குளிப்பாட்டி, துடைத்து, திருப்பிப் படுக்கவைத்து, அளந்து அளந்து ஊட்டுகிற ஒருத்திக்குத் தெரியாமல் ஒரு மனுஷனுக்கு ஒன்றே ஒன்று இருந்தது. அதை அவளே எப்படிக் கொடுக்க முடியும். வலித்தது, இல்லையென்று சொல்ல முடியாது. இவ்வளவு செய்தும் நான்தான் போலீஸ்காரியா என்று இருந்தது. தட்டை மூடி வைத்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினாள். எட்டு ஐம்பது. அந்தப் பெண்ணின் நம்பரை இன்னும் அழிக்கவில்லை, அழிக்கக்கூட நேரமில்லாத பிழைப்பு.

கூப்பிட்டாள், மூன்றாவது ரிங்கில் ஜெசிந்தா எடுத்தாள். அம்மா, தாத்தாவுக்கு ஒண்ணும் இல்லீங்களே என்பதுதான் முதல் வார்த்தை. ஒண்ணும் இல்ல. எங்க இருக்கே. காந்திபுரத்துல, நைட் டியூட்டி முடிஞ்சு ஹாஸ்டலுக்குப் போய்க்கிட்டிருக்கங்கம்மா. நான் அந்தப் பொட்டலத்தைத் தின்னு பார்த்தேன் கண்ணு என்றாள் திலகவதி. இன்னைக்குத்தான் பார்த்தேன். எம்மேல தப்பு. பத்து மணிக்கு டியூப் போட வராங்க, அதுக்குள்ள வர முடியுமா. வரங்கம்மா என்றாள் ஜெசிந்தா, உடனே. அப்புறம் கொஞ்சம் தயங்கி, தாத்தாகிட்ட மாவுன்னு சொல்லிட்டீங்களா என்றாள். இல்ல, சொல்லல. சோறு அடுக்களையில மூடி வச்சிருக்கேன், பொட்டலம் அரிசி டப்பாமேல இருக்கும். நான் மாடியிலதான் இருப்பேன், பூச்சி பார்த்துக்கிட்டு. கீழ வர மாட்டேன்.

பொட்டலத்தைச் சொன்ன இடத்தில் வைத்துவிட்டு, கேட்டைத் திறந்துபோட்டுவிட்டு, மறுபடி ஏறி வந்து ஒன்பதாவது பையின் முன்னால் உட்கார்ந்தாள். பஞ்சைத் தொடவில்லை. பெரிசுகளை மட்டும் எண்ணினாள்: இந்தச் செடியில் மூன்று, அடுத்ததில் ஒன்று, அதற்கடுத்ததில் ஒன்றுமில்லை. வெயில் ஏறியது. ஒன்பதரை ஆயிற்று, ஒன்பது முப்பத்தெட்டு ஆயிற்று. பஸ் கிடைக்காமல் போயிருக்கும், சிக்னலில் நிற்கும், நர்ஸ் முந்திக்கொள்வாள் என்று நினைத்துக்கொண்டே இருந்தாள். கேட்டின் கொக்கி விழுகிற சத்தம் கேட்டது. செருப்பைக் கழற்றுகிற சத்தம். அவர் அறை ஜன்னல் சரியாக இந்தக் கைப்பிடிச் சுவருக்குக் கீழேதான், பேசினால் மேலே வரும். பிறகு அந்தப் பெண்ணின் குரல், ரகசியக் குரல்: தாத்தா, சீக்கிரம், சீக்கிரம், அம்மா மேலதான் இருக்காங்க, வந்துருவாங்க. கரண்டிச் சத்தம் கேட்கவில்லை. திலகவதி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் கேட்கிறார், மேலே ஆள் இருக்கிறாளா, இறங்குகிறாளா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார், அது அவளுக்குத் தெரிந்தது, நாற்பது வருஷத்து மனுஷன். எழுந்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டது. காலி இரும்பு வாளியைத் தூக்கி ஓங்கித் தரையில் வைத்தாள். மண் பையைக் கரகரவென்று இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு இழுத்தாள். கைப்பிடிச் சுவரோரம் நின்று, யாருமில்லாத பக்கத்து மாடியைப் பார்த்து, ஹசீனா, எனக்கு இன்னும் ஒரு மணி நேர வேலை இருக்குது என்று சத்தமாகச் சொன்னாள். கீழே கரண்டி தட்டில் பட்டது. மறுபடி பட்டது. அவர் ம் என்றார். அவள் வாளியைத் தூக்கி இன்னொரு தரம் வைத்தாள்.